பானெட்டுக்கு அந்தப் பக்கம்

வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று போன வாரம் வசந்தாமணி சொன்னபோதே, எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்று நாச்சிமுத்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிங்காநல்லூர் சிக்னலில் வண்டி நின்றிருந்தது. அவள் அவர் பக்கம் திரும்பி, "ஏனுங்க, என்னமோ சத்தம் வருதில்லீங்க?" என்றாள். அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, எல்லாம் தெரிந்தவர் மாதிரி உதட்டைப் பிதுக்கி, "ஆமா, நானும் ரெண்டு நாளாக் கவனிச்சுட்டுத்தான் இருக்கறேன்" என்று சொல்லிவிட்டார். வாய் அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. கட்டின பெண்டாட்டியிடம் எதற்கு இப்படி ஒரு பொய்? காலமெல்லாம் நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர், நூல் நூற்கிற ரிங் ஃப்ரேமில் ஒரே ஒரு ஸ்பிண்டில் கோளாறாக ஓடினாலும் நடந்து போகிற போக்கிலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர் எடுத்தவர், வண்டி பழசானாலும் இன்னொரு மெக்கானிக்கின் கை அதன்மேல் படவிடாமல் எல்லா வேலையையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறவர், தன் வண்டியின் சத்தம் தனக்குக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வார்? ஆகவே கேட்டது. கேட்டதாகச் சொல்லிவிட்ட பிறகு கண்டுபிடித்துத்தான் ஆக வேண்டும். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இட்லி சாப்பிட்ட கையோடு பழைய கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, போர்ட்டிகோவில் நின்ற காரின் பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்துவிட்டு, தன் காதுக்கு எட்டாத ஒரு சத்தத்தை அவர் தேட ஆரம்பித்திருந்தார். இன்றைக்குள் அது கிடைத்தாக வேண்டும். நாளைக்கு உடுமலையில் தாரணிக்கு வளைகாப்பு. ஒரே பெண். வளையல் போட்டு முடிந்ததும் பிறந்த வீட்டுக்கு அழைத்து வர வேண்டும், தன் வண்டியில் தானே ஓட்டிக்கொண்டு வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசை என்ன ஆசை, வீம்பு. மாப்பிள்ளை தன் காரிலேயே கொண்டுவந்து விடுவதாகச் சொன்னதற்கு, "எம்பட புள்ளைய நாந்தானுங்க கூட்டியாருவேன்" என்று வாயை அடைத்துவிட்டார். அடைக்க முடியாத வாய் வீட்டில் இருந்தது. "வாயும் வயிறுமா இருக்கற புள்ளைங்க. என்ன சத்தம்னு தெரியாம அந்த வண்டில ஏத்தப்படாது. கண்டுபுடிச்சு சரி பண்ணீட்டீங்கன்னா நீங்களே ஓட்டுங்க. இல்லீன்னா டாக்ஸி வெச்சுக்கலாம்" என்று வசந்தாமணி நேற்று அவர் முன்னால் வந்து நின்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சத்தம் என்று ஒன்று இருந்தால் அது எங்கேயாவது உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். பெல்ட்டில், பேரிங்கில், டேப்பெட்டில், சைலன்சர் தகட்டில், இதை விட்டால் அதற்குப் போக்கிடம் ஏது? அப்படித்தான் தைரியமாக ஆரம்பித்தார். வசந்தாமணியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும், லைசென்ஸும் இருக்கிறது. இதே வண்டியில் அவர்தான் கற்றுக்கொடுத்தார், கற்றுக்கொடுத்ததோடு சரி, அவர் கூட இருக்கும்போது ஸ்டீயரிங் அவள் கைக்குப் போனதில்லை. "ஸ்டார்ட் பண்ணு" என்றார். இன்ஜின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. அவர் ஃபெண்டர்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அதிர்வு சீராக இருந்தது, துள்ளல் இல்லை, திணறல் இல்லை. இந்த வண்டியை வாங்கும்போது அது யாரோ ஒருவர் வீட்டுப் பின்பக்கத்தில் காற்றிறங்கிக் கிடந்தது, சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. அந்த மழைக்காலம் முழுக்க அவர் அதைக் கழற்றுவதும் கழுவுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அப்போதிலிருந்து அதன் ஒவ்வொரு நட்டும் அவர் விரலுக்குப் பழக்கம், கரண்ட் போன நேரத்தில்கூடத் தடவிப் பார்த்தே எது எந்த சைஸ் என்று சொல்லிவிடுவார். ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து ஓடுகிற ஃபேன் பெல்ட்மேல் கொஞ்சமாகத் தெளித்தார். பெல்ட்டில் கோளாறு என்றால் தண்ணீர் பட்டதும் சத்தம் மாறிவிடும், அல்லது நின்றுவிடும். சூடான ரப்பரில் தண்ணீர் பட்ட வாசனை வந்தது. "இப்ப எப்பிடி, மாறுச்சா?" என்று கேட்டார். பதில் இல்லை. தூக்கி நின்ற பானெட் அவருக்கும் அவளுக்கும் நடுவே சுவர் மாதிரி இருந்தது, அந்தப் பக்கத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை. "ஏ வசந்தா, மாறுச்சான்னு கேக்கறேனல்ல?" அதற்கும் பதில் இல்லை. பக்கத்து வீட்டு சதாசிவம் மதில் சுவருக்கு அந்தப்புறம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், கையை ஆட்டினார். "அண்ணா, அக்கா அப்படியேதான் இருக்குதுன்னு சொல்றாங்க. ரெண்டு தடவ சொல்லீட்டாங்க." நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. "கேட்டுச்சு, கேட்டுச்சு, வேற யோசனைல இருந்தேன்" என்றார். சதாசிவம் ஹோஸ் பைப்பைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் இன்ஜினைக் கவனித்துவிட்டு, "வண்டி நல்லாத்தானுங்ணா ஓடுது?" என்றார். ஸ்கூட்டரைத் தவிர வேறெதையும் தொட்டறியாத ஆசாமி, பேச்சைப் பார், என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நாச்சிமுத்து சிரித்து வைத்தார். சதாசிவம் உள்ளே போய்விட்டார். ஆனால் மதில் சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, சீட்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை நாச்சிமுத்துவின் கண் ஒரு தடவை அளந்துவிட்டது. ஃபேன் முகத்துக்கு நேரே சுற்றுகிறது, அந்த இரைச்சலில் யாருக்குத்தான் கேட்கும், ஃபேன்தான், வேறென்ன, என்று அதை அங்கேயே விட்டுவிட்டார்.

விட்டது போகவில்லை. பனியன் முதுகில் ஒட்டிக்கொண்ட மாதிரி கூடவே இருந்தது. பெல்ட்டைக் கழற்றியே பார்த்துவிடலாம் என்று இன்ஜினை நிறுத்தச் சொல்லி, ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டை உருவிச் சாக்கின்மேல் போட்டுவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். கொஞ்ச நேரம் பெல்ட் இல்லாமல் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. இந்தத் தடவை அவர் பானெட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கவில்லை, சுற்றிக்கொண்டு போய் ஜன்னலருகே குனிந்து அவள் முகத்தைப் பார்த்து, "இப்ப?" என்றார். "இன்னும் கேக்குதுங்க" என்றாள். சொல்லிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதோ பாக்கி இருக்கிற மாதிரி. சரி, பெல்ட் இல்லை, அது சுழற்றுகிற ஆல்டர்னேட்டர் இல்லை, தண்ணீர் பம்பும் இல்லை, மூன்றும் தப்பித்தன. அப்படியென்றால் வால்வைத் தட்டுகிற டேப்பெட். ஆனால் இவள் போன வாரம் கரகர என்றாள், நேற்று டிக் டிக் என்றாள். கரகர வேறு, டிக் டிக் வேறு, கரகர என்றால் பேரிங், டிக் டிக் என்றால் டேப்பெட், ஆக ஒன்றுக்கு இரண்டு கோளாறாக இருக்குமோ? இரண்டும் ஒரே வாரத்தில், இரண்டும் தனக்குக் கேட்காமல்? அந்தக் கேள்வி வந்ததும் அவர் சட்டென்று ஸ்பேனரை எடுத்து, துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தார். துணியில் பெட்ரோலும் கிரீஸும் கலந்த வாசனை. இந்த வாசனை அவருக்குப் பிடிக்கும். மில்லில் பஞ்சுத் தூசியும் ஸ்பிண்டில் ஆயிலும் சேர்ந்து ஒரு வாசனை இருக்கும், வேலையை விட்டு வந்து இத்தனை நாளாகியும் சில சமயம் தூக்கத்தில் அது வருகிறது. வாசனைதான் வருகிறது, சத்தம் வருவதில்லை. அந்த இரைச்சல் கனவிலும் வருவதில்லை, அது ஆச்சரியம்தான். ரிங் ஃப்ரேம் ஹாலுக்குள் முதல் நாள் கால் வைத்தபோது தலைக்குள் யாரோ கல்லைக் கொட்டுகிற மாதிரி இருந்தது, பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் ஒன்றும் புரியாது. யாரும் கத்தவும் இல்லை, அதுதான் வேடிக்கை. எல்லோரும் குரலே எடுக்காமல் வாயை மட்டும் பெரிதாக அசைத்து, ஒரு ஃப்ரேமுக்கு அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசிக்கு ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாளில் அவருக்கும் அது வந்துவிட்டது. அப்புறம் அது பார்த்துப் புரிந்துகொள்வதாகவே இல்லை, காதால் கேட்கிற மாதிரியேதான் இருந்தது. உதட்டைப் பார்த்தால் போதும், ஆளுடைய குரல் மண்டைக்குள் தானாக ஒலிக்கும்.

வசந்தாமணியும் அங்கேதான், நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில். தலையில் பஞ்சு ஒட்டாமல் துண்டைக் கட்டிக்கொண்டு, ஹாலின் கதவோரம் நின்று ஒரு நாள் அவரைப் பார்த்து, "மேஸ்திரி, உங்க சட்ட பட்டன் மாறிப் போட்டிருக்குதுங்க" என்று வாயசைத்தாள். பட்டனைச் சரி செய்துகொண்டு தலை நிமிர்ந்தபோது அவள் இல்லை. அவள் குரலைக் கேட்காமலேயே அவளிடம் விழுந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு மில் கேட்டுக்கு வெளியே, சைக்கிள் ஸ்டாண்டில், அவள் முதல் தடவை நிஜமாகப் பேசியபோது அந்தக் குரல் அவர் நினைத்து வைத்திருந்ததைவிடக் கொஞ்சம் கட்டையாக இருந்தது. ஒரு நிமிஷம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, அடுத்த நிமிஷமே அதுதான் சரி என்று ஆகிவிட்டது. நினைத்துக்கொண்டு அவர் சிரித்தார். சிரித்தபடி நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். இது அவருடைய கைவரிசை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்க்ரூ டிரைவரின் முனையைச் சந்தேகப்பட்ட இடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டால் உள்ளே நடப்பதெல்லாம் கம்பி வழியாக ஏறி வரும். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கிறாரே, அதே வேலைதான். டேப்பெட் மூடிமேல் வைத்தார். வந்தது. தெளிவாக, நெருக்கமாக, எலும்புக்குள் புகுந்து வந்தது. சீராகத் தட்டிக்கொண்டிருந்தது, ஒன்றும் அதிகப்படி இல்லை. நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு இடமும் ஒழுங்காக இருந்தது. சைலன்சர் தகடு, இன்ஜின் தாங்கி, கியர்பாக்ஸின் கழுத்து, எட்டுகிற இடமெல்லாம் வைத்தார். பழைய வண்டிக்கு இவ்வளவு சுத்தமான சத்தமா என்று அவருக்கே பெருமையாக இருந்தது. பெருமையோடு ஸ்க்ரூ டிரைவரைக் காதிலிருந்து எடுத்தார். எடுத்ததும் எல்லாம் நின்றது. இன்ஜின் நிற்கவில்லை, கையில் அதிர்வு இருந்தது. ஆனால் தட்டல் இல்லை, மேலே இருந்த சன்னமான எதுவும் இல்லை, அடியில் ஒரு உறுமல் மட்டும், பக்கத்துத் தெருவில் லாரி நிற்கிற மாதிரி. மறுபடி வைத்தார், வந்தது. எடுத்தார், போனது. வைத்தார். எடுத்தார். 

டிவி சத்தத்தை ஏற்றி வைப்பதாகப் போன தீபாவளிக்கு வந்த தாரணிதான் முதலில் சொன்னாள். "அப்பா, தெருமுக்கு வரைக்கும் கேக்குதுங்கப்பா. ஒருக்கா காது டாக்டர்கிட்ட காட்டலாமுங்களா?" சாதாரணமாகத்தான் சொன்னாள். அவருக்கு எங்கிருந்தோ கோபம் வந்து தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார், பெண் கிளம்புகிற வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் பஸ் ஏறும்போது அழுதாளாம், வசந்தாமணி பிற்பாடு சொன்னாள். அப்புறம் அந்த வீட்டில் காது என்ற பேச்சே எடுப்பதில்லை. டிவியில் கீழே எழுத்து ஓடுகிற செய்தியாகப் பார்க்க ஆரம்பித்தார், சத்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். செவிடு. அந்தச் சொல்லை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். மனசுக்குள் நன்றாகக் கேட்டது. இல்லை, அப்படியெல்லாம் இல்லை, செவிடன் என்றால் ஒன்றுமே கேட்காது, எனக்கு வசந்தா பேசுவதெல்லாம் கேட்கிறதே, ஒரு சொல் தவறாமல் கேட்கிறதே, செவிடனுக்கு எப்படிக் கேட்கும்? இந்த இடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டதும் மூச்சு கொஞ்சம் சீரானது. வெயில் போர்ட்டிகோவின் விளிம்பு தாண்டி உள்ளே வந்து சாக்கின்மேல் கிடந்த பெல்ட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. பின்பக்கம் போய் சைலன்சர் வாயில் கையை நீட்டிப் புகையைத் தொட்டுப் பார்த்தார், விட்டு விட்டு வராமல் ஒரே சீராக வந்தது. திரும்பி வந்து, பானெட் திறந்திருப்பதால்தான் எல்லாம் கலந்துபோகிறதோ என்று நினைத்துக் கம்பியை எடுத்துவிட்டுப் பானெட்டை இறக்கினார்.

சுவர் போனதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வசந்தாமணி தெரிந்தாள். அவரைப் பார்த்து, "ஏனுங்க, அடுப்புல பருப்பு வெச்சுட்டு வந்துட்டனுங்க, போயி அணைச்சுட்டு வந்துரட்டுங்களா?" என்றாள். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கொஞ்சம் கட்டையான அந்தக் குரல், கடைசியில் அந்த 'ங்களா'வை இழுக்கிற இழுப்பு, எல்லாம் கேட்டது. பார்த்தாயா, என்று அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டார், இன்ஜின் ஓடும்போதே கேட்கிறதே! "போயிட்டு வா, வண்டிய அணைச்சுட்டுப் போ" என்றார். அவள் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து இறங்கி உள்ளே போனாள். திறந்த கதவின் கண்ணாடி மேலே வரை ஏற்றியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். அந்தப் பக்கத்துக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது. பின்னால் இரண்டும் ஏற்றியிருந்தன. சதாசிவம் போன பிறகு, புகை உள்ளே வருகிறது என்று ஏற்றிக்கொண்டிருப்பாள்.  நாலு கண்ணாடியும் மூடிய வண்டிக்குள், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒருத்தி மெதுவாகப் பேசுவது வெளியே நிற்கிற யாருக்கும் கேட்காது. சதாசிவத்துக்குக் கேட்காது. ஒரு பிள்ளைக்குக் கேட்காது. தனக்குக் கேட்டது. அப்படியென்றால் தனக்குக் கேட்டது என்ன?

டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்குள் பாத்திரம் உருட்டுகிற சத்தம் இருக்க வேண்டும், குழாய் திறக்கிற சத்தம் இருக்க வேண்டும், வசந்தாமணி தனக்குத்தானே ஏதாவது சொல்லிக்கொள்வாள், அந்த வழக்கம் அவளுக்கு உண்டு. ஒன்றும் இல்லை. கண்ணை மூடியதும் வீடே காலி செய்துவிட்டுப் போய்விட்ட மாதிரி இருந்தது. அவளுடைய குரலை அவர் கடைசியாக எப்போது கேட்டார்? நிஜமாகக் கேட்டது, முதுகைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது கேட்டது? யோசித்தார், பிடிபடவில்லை. முன்பெல்லாம் அடுப்படியிலிருந்தே கூப்பிடுவாள், ஏனுங்க காப்பி வேணுமுங்களா என்று, அவர் வாசலிலிருந்தே பதில் சொல்வார். இப்போது ஒவ்வொன்றுக்கும் எழுந்து வந்து முன்னால் நின்றுகொண்டு பேசுகிறாள், சின்ன விஷயத்துக்குக்கூட. வயசாக ஆகப் பாசம் கூடுகிறது என்று அவர் நினைத்திருந்தார், உள்ளூரக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. கர்வமாம். முழங்கால் வலியை வைத்துக்கொண்டு அவள் நடந்து நடந்து வந்தது எதற்கு என்று இப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் கூடவே இன்னொன்றும் வந்தது, வேண்டாம் என்றாலும் வந்தது. ஒரு நாள் ஒண்டிப்புதூர்ப் பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்தபோது அவள் திடீரென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள், டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், வேகமாக ஓட்டுகிறேன் என்று பயப்படுகிறாளாக்கும் என்று அவர் இன்னும் கொஞ்சம் மெதுவாக, நடுரோட்டிலேயே போனார். அப்புறம் ஒரு பஸ் உரசுகிற மாதிரி முந்திக்கொண்டு வந்தது, டிரைவர் ஜன்னல் வழியாகக் குனிந்து ஏதோ சொன்னான். அவன் சொன்னது மட்டும் அவருக்கு அட்சர சுத்தமாகக் கேட்டது, நல்ல கெட்ட வார்த்தை. அவன் அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் ஹாரன் அடித்திருப்பான்? அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை வசந்தாமணி பேசவில்லை என்று அவர் நினைத்தார். பேசியிருப்பாள். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

நாளைக்கும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பின் சீட்டில் தாரணி இருப்பாள், இரண்டு கை நிறைய வளையல் இருக்கும். வயிற்றுப் பிள்ளைக்கு அந்தச் சத்தம் கேட்கட்டும் என்றுதானே போடுகிறார்கள். கண்ணாடி வளையல் சன்னமான சத்தம், உலகத்தில் இன்னும் வந்து சேராத பிள்ளைக்குக்கூடக் கேட்கும், அவருக்குக் கேட்காது. அது பரவாயில்லை. தாரணி பின்னாலிருந்து, அப்பா வண்டிய நிறுத்துங்க, வலிக்குது, என்று சொன்னால்? இந்த இடத்தில் நினைப்பு நின்றுவிட்டது. அதற்கு மேலே போக மறுத்தது. சுற்றிச் சுற்றி வந்து அங்கேயே நின்றது. ஒரு வழி இருக்கிறது, என்று உள்ளே ஒருவன் சொன்னான், காலையிலிருந்து அவனுக்காகத்தான் பாடுபட்டுக்கொண்டிருந்தார். பெல்ட்டை மாட்டு. போல்ட்டை இறுக்கு. கண்டுபிடித்துவிட்டேன், ஆல்டர்னேட்டர் போல்ட் லூசாக இருந்தது, சரி செய்துவிட்டேன் என்று சொல். அவள் நம்பிவிடுவாள். நாளைக்கு மெதுவாக ஓட்டிக்கொள், ஓரமாக ஓட்டிக்கொள், கண்ணாடியை அடிக்கடி பார்த்துக்கொள், கண் நன்றாகத்தானே இருக்கிறது. எத்தனை பேர் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள்! நியாயமாகத்தான் பட்டது. இறங்கிப் போய்ப் பானெட்டைத் தூக்கிப் பெல்ட்டை மாட்டினார். ஆல்டர்னேட்டரை நெம்பிப் பிடித்துக்கொண்டு போல்ட்டை இறுக்கினார், பெல்ட்டை விரலால் அழுத்தி அளவு பார்த்தார், சரியாக இருந்தது, பானெட்டை இறக்கினார். வேலை கை பாட்டுக்கு நடந்தது. வேலை நடக்கும்போது அவருக்கு எப்போதும் மனசு அடங்கிவிடும், இன்றைக்கும் அடங்கியது, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. பொய் இவ்வளவு லேசாகக் கைக்கு வருகிறதே என்று பயந்தார்.

வசந்தாமணி இரண்டு டம்ளரில் மோர் எடுத்துக்கொண்டு வந்தாள். வழக்கம்போலச் சுற்றிக்கொண்டு வந்து அவருக்கு நேர் முன்னால் நின்றாள். அவர் மோரை வாங்காமல், "கண்டுபுடிச்சுட்டேன்" என்றார். "ஆல்டர்னேட்டர் போல்ட் லூசு. இறுக்கீட்டேன். இனி வராது." சொல்லிவிட்டு அவசரமாகத் திறந்த கதவு வழியாக உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். வண்டி ஸ்டார்ட் ஆனது. "பாரு, இப்ப போயிருச்சல்ல?" போயிருச்சுங்க என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது, நாளைக்கு அவர்தான் ஓட்டுவார். அவள் சொல்லவில்லை. ஓடுகிற வண்டியைப் பார்க்கவும் இல்லை, அவரைத்தான் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை, கேலி இல்லை, ரொம்ப நாளாகச் சுமந்து களைத்துப்போன ஒரு பார்வை.

"உங்களுக்குக் கேக்குதுங்களா?" என்றாள்.

காலையிலிருந்து அவர்தான் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். போயிருச்சு என்று சொல்ல வாயெடுத்தார். பின் சீட்டில் உட்காரப்போகிற தாரணி நினைவுக்கு வந்தாள். கையை நீட்டி இன்ஜினை அணைத்தார்.

"எனக்குக் கேக்கல வசந்தா. இப்பவும் கேக்கல, அன்னிக்கு சிக்னல்ல சொன்னயே, அப்பவும் கேக்கல. கேக்குதுன்னு சும்மா சொன்னேன். நீ பேசறதே மூஞ்சியப் பாத்தாத்தான் தெரியுது. இன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது."

அவள் ஆச்சரியப்படவில்லை. டம்ளர்களை பானெட்மேல் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். 

"சத்தமே இல்லீங்க" என்றாள்.

"என்ன?"

"வண்டில ஒரு சத்தமும் இல்லீங்க. நல்லாத்தான் ஓடுது. சத்தம் வருதுன்னு சொன்னா, எனக்கொண்ணும் கேக்கலையேன்னு சொல்லுவீங்க, அதப் புடிச்சு மெதுவாப் பேசிக்கலாம்னு பாத்தேன். நேராச் சொன்னா, தீவாளிக்குப் புள்ள சொன்னப்ப எந்திரிச்சுப் போன மாதிரி போயிருவீங்க. நீங்க ஆமாங்கறீங்க. ரெண்டு நாளாக் கேக்குதுங்கறீங்க! நான் என்னங்க பண்ணட்டும்? இன்னிக்குக் காலைல இருந்து கேக்குது கேக்குதுன்னு சொன்னதெல்லாம், இப்பவாச்சும் சொல்லீரமாட்டாரான்னுதானுங்க."

கரகரவும் டிக் டிக்கும் எங்கிருந்து வந்தன என்று இப்போது தெரிந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறாள், பாவம், அதற்கு மேல் அவளுக்குச் சத்தம் செய்யத் தெரியவில்லை. வழக்கமான கோபம் எழுந்து வந்தது, வந்து சுற்றிப் பார்த்தது, உட்கார இடமில்லாமல் போய்விட்டது. ஒரு குற்றமும் செய்யாத வண்டி வெயில் பட்டுக்கொண்டு நின்றது. வெட்கமாக இருந்தது, ரொம்ப வெட்கமாக இருந்தது, ஆனால் அதற்கு அடியில் பெரிய பாரம் ஒன்றை இறக்கி வைத்த சுகமும் இருந்தது. அதையும் இல்லையென்று சொல்ல முடியாது. மோரை எடுத்துக் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சாவியை உருவி அவளிடம் நீட்டினார்.

"நாளைக்கு நீ ஓட்டு" என்றார்.

"நீங்க?"

"நான் பின்னாடி புள்ளகூட உக்காந்துக்கறேன். மூஞ்சியப் பாத்துப் பேசீட்டு வரோணும்."